ஒரு தாங்கியின் இலக்கணம்

முன்னுரை

உடைந்த பொருளை ஒட்டிவைக்க எல்லோருக்கும் தெரியும். அது ஏன் உடைந்தது என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகே பழுதுபார்த்தல் என்பது கைவேலை என்ற நிலையிலிருந்து அறிவியல் என்ற நிலைக்கு உயர்கிறது.

இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு விளையாட்டு இயந்திரத்தில் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று முறிந்து விழுந்தது. அதை மீண்டும் நிறுத்த ஒரு தாங்கி செய்தோம். 72 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் உள்ள ஒரு அலுமினியத் தகட்டுத் துண்டு. அதில் நான்கு துளைகள், ஒரு வளைவு. அவ்வளவுதான். ஆயினும் இயற்பியல் மாணவர்கள் முதலாண்டில் பயிலும் இயக்கவியலும் பருப்பொருளின் பண்புகளும் அந்தத் துண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. பிற துறை மாணவர்களும் பின்தொடரக் கூடிய வகையில், சமன்பாடுகளைச் சொற்களாலேயே எழுத முயன்றுள்ளேன்.

பின்பால் என்னும் விளையாட்டு

பின்பால் இயந்திரத்தை நம்மில் பலர் நேரில் கண்டதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி இருந்த பழைய கணினிகளில் வெள்ளிக் குண்டு ஒன்று மேலும் கீழும் பாய்ந்தோடும் ஒரு விளையாட்டு இருந்தது. அதை ஆடியவர்கள் இந்த இயந்திரத்தின் நிழலைக் கண்டவர்கள் எனலாம்.

உண்மையான இயந்திரம் நான்கு கால்களில் நிற்கும் ஒரு நீண்ட மரப்பெட்டி. அதற்குள் ஏறத்தாழ 51 செ.மீ. அகலமும் 107 செ.மீ. நீளமும் உள்ள ஒட்டுப்பலகை ஒன்று, ஆடுபவரை நோக்கி 6½ பாகை அளவு சாய்வாகக் கிடக்கும். இதுவே ஆடுகளம். மேலே கடினப்படுத்திய கண்ணாடி மூடியிருக்கும். சுருள்வில் பொருத்திய உந்துதண்டை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு மேலே பாயும். சாய்வின் காரணமாக அது திரும்ப உருண்டு வரும். கீழே விழுந்து மறைவதற்குள், பிளிப்பர் எனப்படும் இரண்டு சிறு கைகளால் அதைத் தட்டி மீண்டும் மேலே அனுப்ப வேண்டும். அக்கைகளை இயக்குவது மின்னோட்டம் பாயும் வரிச்சுருள்.

இவ்விளையாட்டின் முன்னோடி பேகடெல் என்னும் மேசை விளையாட்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மாண்டேகு ரெட்கிரேவ் 1871இல் அதில் சில திருத்தங்கள் செய்து காப்புரிமை பெற்றார். 1931இல் சிகாகோ நகரின் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட ‘பேஃபிள் பால்’ பெருவெற்றி பெற்றது. அன்று முதல் சிகாகோவே இத்தொழிலின் தலைநகரம். பிளிப்பர் கைகள் 1947இல் ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற இயந்திரத்தில்தான் முதன்முதலில் வந்தன. அதற்கு முன்பு குண்டின் போக்கு பெரும்பாலும் அதிர்ஷ்டத்தையே சார்ந்திருந்தது. அதனால் இது சூதாட்டமே என்று கருதி நியூயார்க் நகரம் 1942இல் தடை விதித்தது. 1976இல்தான் தடை நீங்கியது. 

பிற்காலத்தில் ஆடுகளத்தின்மேல் உருவங்கள் குடியேறின. 1990இல் வந்த ‘ஃபன்ஹவுஸ்’ இயந்திரத்தில் ஒரு பொம்மைத் தலை வாய் திறந்து பேசும். 1992இல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ இருபதாயிரத்துக்கும் மேல் விற்றது. அதில் ஒரு பெட்டியிலிருந்து கை ஒன்று வெளிவந்து குண்டைப் பிடித்துச் செல்லும். குண்டு ஓடும் களத்தின் நடுவே பொம்மை நிற்பது பார்வைக்கு அழகுதான். ஆனால் இயக்கவியல் நோக்கில் அது ஆபத்தான இடம். நமது பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

உடைந்தது எது?

சிகாகோவை அடுத்த ஒரு சிற்றூரில் என் தம்பி குடும்பத்துடன் வசிக்கிறான். அவன் வீட்டு நிலவறையில் 1990களில் செய்யப்பட்ட பின்பால் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அங்கு நான் ஒரு கோடை விடுமுறையில் தங்கியிருந்தபோது, அதிலிருந்த டிராகன் பொம்மை முறிந்து விழுந்தது. சிறகு முளைத்த பாம்புருவம். ஒரு சாண் உயரம். எடை 150 கிராம். இயந்திரத்தின் பெயரும் அதைச் செய்தவர் பெயரும் இங்குத் தேவையில்லை. அந்தப் பொம்மையை வார்த்த அச்சு இப்போது வழக்கில் இல்லை என்பது மட்டுமே நமக்கு வேண்டிய செய்தி. பொம்மை போனால் போனதுதான்.

தம்பியின் மகள் ஒரு குழாய்ப் பசையுடன் வந்து நின்றாள். “பெரியப்பா, ஒட்டிவிட்டால் போதாதா?” என்றாள்.

தம்பிக்கு வேறு யோசனை. “அண்ணா, பலகையிலேயே புதிதாக இரண்டு துளை போட்டு, கனமான இரும்புத் துண்டு ஒன்றை வைத்து முறுக்கிவிடலாம். இனி ஜென்மத்துக்கும் அசையாது” என்றான்.

இரண்டும் இயல்பாக எல்லோருக்கும் தோன்றும் யோசனைகள். இரண்டும் ஏன் ஏற்கத்தக்கவை அல்ல என்று அவர்களுக்கு நான் விளக்கியதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

பொம்மையின் முதுகில் குழல் போன்ற இரண்டு புடைப்புகள் இருந்தன. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் வழியே, தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் திருகுகள் அந்தக் குழல்களுக்குள் சென்று பொம்மையைப் பிடித்திருந்தன. ஒரு குழல் முழுவதும் பிளந்துவிட்டது. மற்றதில் மயிரிழை போன்ற விரிசல். உருவத்தின் மற்ற பாகங்கள் அனைத்தும் நலமாகவே இருந்தன. உடைந்த இடம் பிடிப்பு இருந்த இடம் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வகைத் திருகு ஓர் ஆப்பு போன்றது. அது உள்ளே இருக்கும் வரையில் குழலின் சுவரை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். யாரும் விளையாடாத நாளிலும் அந்தச் சுவரில் இழுவிசைத் தகைவு நிலவுகிறது. அதன்மேல் ஒவ்வோர் ஆட்டத்திலும் அதிர்வுகள் வந்து சேர்கின்றன. மரையின் கூரிய அடிப்பகுதியில் தகைவு குவிந்து, அங்கே நுண்ணிய விரிசல் பிறக்கிறது. ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு சிறிது வளர்கிறது.

பொறியியலார் இதனை அயர்ச்சி என்பர். மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் தந்த எச்சரிக்கை. சுமை அளவை மீறாவிட்டாலும், பல்லாயிரம் முறை ஏறி இறங்கினால் அச்சு முறியக்கூடும் என்று காட்டியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர். இரயில் அச்சுகளை வைத்து அவர் நடத்திய சோதனைகளே இத்துறைக்கு அடிப்படை. 1954இல் காமெட் என்னும் ஜெட் விமானங்கள் வானில் சிதறியதற்கும் இதுவே காரணம்: உடற்கூட்டுத் திறப்புகளின் மூலைகளில் தகைவு குவிந்து, அயர்ச்சி விரிசல் வளர்ந்தது. விமானத்துக்கும் பொம்மைக்கும் ஒரே விதி.

இனிப் பசையைப் பார்ப்போம். கடினமாக இறுகும் பசை அதிர்ச்சியைத் தாங்காது. பிளந்த குழலை ஒட்டி, அதே திருகை மீண்டும் முறுக்கினால், அதே ஆப்பு அதே இடத்தைத் தள்ளும். மேலும் பாலிஎத்திலீன் போன்ற சில பிளாஸ்டிக்குகளில் பசை பிடிப்பதே இல்லை. நோயின் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புண்ணை மட்டும் மூடுவது போன்றது அது.

குண்டின் விசை எவ்வளவு?

தம்பியின் யோசனையை மதிப்பிட ஒரு சிறு கணக்கு வேண்டும். பின்பால் குண்டின் விட்டம் 1 1/16 அங்குலம், அதாவது 27 மி.மீ.; நிறை சுமார் 80 கிராம். எஃகின் அடர்த்தியைக் கொண்டு மாணவர்களே இதைச் சரிபார்க்கலாம். அது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து ஒன்றின்மேல் மோதி நிற்பதாகக் கொள்வோம். அதன் உந்தம் 0.08ஐ 3ஆல் பெருக்க 0.24 அலகு. இந்த உந்தம் ஆயிரத்தில் ஒரு நொடியில் அழிந்தால் சராசரி விசை 240 நியூட்டன். அதாவது 80 கிராம் குண்டு, 24 கிலோ எடையைச் சுமத்தியது போன்ற விசையை ஒரு கணம் தருகிறது.

இப்போது இடையில் ஒரு ரப்பர் வளையத்தை வைத்து, மோதும் நேரம் ஆயிரத்தில் ஐந்து நொடியாக நீள்வதாகக் கொள்வோம். விசை 48 நியூட்டனாகக் குறைந்துவிடும். குண்டும் அதன் வேகமும் முன்போலவே உள்ளன. நேரம் மட்டும்தான் நீண்டது. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பது இதனால்தான்.

‘அசையவே அசையாத’ இரும்புத் துண்டு என்ன செய்யும் என்பது இதிலிருந்து விளங்கும். மோதலின் நேரத்தைச் சுருக்கி விசையைப் பெருக்கும். இரும்பு வளையாது, ஆகவே பொம்மை உடையும், அல்லது திருகு பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். பலகையில் இட்ட துளையோ திரும்ப மூட முடியாதது. ஆடுகளத்தின் மேற்பரப்பு ஓவியமும் அதன்மேல் பூசிய தெளிந்த மெருகும் கொண்டது. துளையின் ஓரத்தில் மெருகு பெயர்ந்தால், குண்டு உருள உருளப் பெயர்ச்சி பரவும்.

எது முதலில் இளக வேண்டும்?

இங்கே தாங்கியின் இலக்கணத்தை நாம் வகுத்துக்கொள்ளலாம். மோதலில் ஈடுபடுபவை மூன்று: பொம்மை, பலகை, தாங்கி. விசை எல்லை மீறும்போது மூன்றில் ஒன்று விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். பொம்மைக்கு மாற்று இல்லை. பலகைக்கு மாற்று அரிது. கிடைத்தாலும் இயந்திரம் முழுவதையும் பிரித்துக் கோக்க வேண்டும். தாங்கியை மட்டும் ஒரு மாலை நேரத்தில் மீண்டும் செய்துகொள்ளலாம். ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியது தாங்கியே.

அன்றாட அதிர்வுக்குத் தாங்கி இளகக் கூடாது; அரிதான பேரடிக்கு இளக வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே அதன் வலிமையை நிறுத்துவதே வடிவமைப்பு. வீட்டு மின்சுற்றில் உருகுகம்பி செய்யும் வேலையைத்தான் இயந்திரத்தில் இத்தாங்கி செய்கிறது.

இதனோடு இன்னொரு விதியும் உண்டு. நாம் செய்யும் பழுது, விரும்பினால் தடயமின்றி நீக்கத் தக்கதாக இருக்க வேண்டும். எனவே பலகையில் முன்பே உள்ள திருகுகளையும், பொம்மையில் முன்பே உள்ள துளைகளையும் மட்டுமே பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

பொருள் தேர்வு

முப்பரிமாண அச்சு இயந்திரம் தம்பியின் அலுவலகத்தில் உண்டு. அதில் அச்சிடலாமே என்றான். அதில் வழக்கமாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். அருகில் இழை விளக்குகள் எரிகின்றன. மேலும் அச்சு அடுக்கடுக்காக எழுவதால், அடுக்குகளுக்கு இடையே பிளவு ஏற்பட வாய்ப்பு மிகுதி. வடிவம் சரிதானா என்று பார்க்க அது உதவும். நிலையாகத் தாங்க உதவாது.

இரும்புத் தகடு மலிவு. ஆனால் சில இயந்திரங்களில் ஆடுகளத்தின் கீழ் மின்காந்தங்கள் உண்டு. அவற்றின் அருகே இரும்பு வைப்பது நல்லதன்று. அலுமினியமே ஏற்றது என்று கொண்டோம். அதிலும் வகை பார்க்க வேண்டும். 6061-டி6 என்ற கலவை வலிமையானது. ஆனால் குறுகிய ஆரத்தில் வளைத்தால் வெளிப்புறம் வெடிக்கும். 5052 என்ற கலவை வலிமையில் சற்றுக் குறைந்தாலும் இணங்கி வளையும். 1.6 மி.மீ. தடிப்புள்ள 5052 தகட்டைத் தேர்ந்தோம்.

வலிமைக் கணக்கு

தாங்கி எல் வடிவமானது. கிடைக்கை பலகையின்மேல் படியும். நிலைக்கை பொம்மையின் முதுகைப் பிடிக்கும். பொம்மையின் ஈர்ப்பு மையம் வளைவுக்கு மேல் 40 மி.மீ. உயரத்தில் இருந்தது.

ஆடுகளம் குலுங்கும்போது பொம்மை ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் பத்து மடங்கு முடுக்கம் பெறுவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். விசை 14.7 நியூட்டன். வளைவிடத்தில் திருப்புத்திறன் 14.7ஐ 40ஆல் பெருக்க 588 நியூட்டன்-மி.மீ. தகட்டின் அகலத்தைத் தடிப்பின் இருமடியால் பெருக்கி ஆறால் வகுத்தால் வருவது வெட்டுமுகக் குணகம், இங்கு 8.53 கன மி.மீ. திருப்புத்திறனை இதனால் வகுக்கத் தகைவு கிடைக்கும்: சதுர மி.மீட்டருக்கு 69 நியூட்டன்.

இத்தகட்டின் நெகிழ்வெல்லை சுமார் 190. பல கோடி முறை மாறி மாறி வந்தாலும் முறியாதிருக்கும் அயர்ச்சி எல்லை சுமார் 115. நமது அன்றாடத் தகைவு இரண்டுக்கும் கீழே இருக்கிறது.

இனிப் பேரடி. தவறி எழும்பிய குண்டு பொம்மையின்மேல் நேரே பட்டு, ரப்பர் வளையம் தணித்தபின் 48 நியூட்டன் தருவதாகக் கொள்வோம். அதே வழியில் கணக்கிட்டால் தகைவு 225. இது நெகிழ்வெல்லையைக் கடந்தது. தகடு சற்றே பின்னுக்கு வளையும். வளைவதற்கான வேலையில் குண்டின் ஆற்றல் செலவாகிவிடும், பொம்மை தப்பும். வளைந்த தகட்டை நிமிர்த்தலாம், அல்லது புதிதாகச் செய்யலாம். நாம் விரும்பிய நடு இடத்தில் 1.6 மி.மீ. தகடு நிற்கிறது.

தடிப்பை இரு மடங்காக்கினால் என்ன என்று சிலர் கேட்கக் கூடும். வளையா உறுதி தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. எனவே உறுதி எட்டு மடங்காகும். அப்போது தாங்கி எதற்கும் இளகாது. முதலில் இளகும் பொறுப்பு பொம்மையின் தலையில் விழும்.

விரிநீளக் கணக்கு

வளைத்தபின் கிடைக்கையின் வெளியளவு 30 மி.மீ., நிலைக்கையின் வெளியளவு 45 மி.மீ. இருக்க வேண்டும். அப்படியானால் 75 மி.மீ. நீளத் துண்டு வெட்டலாமா? கூடாது. மூலையில் தகடு குறுக்கு வழியில் திரும்புகிறது.

வளைவின் உள் ஆரம் 2 மி.மீ. என்று கொண்டோம். ஆரமும் தடிப்பும் சேர்ந்த 3.6 மி.மீட்டரை ஒவ்வொரு கையிலிருந்தும் கழித்தால் நேர்ப்பகுதிகள் 26.4, 41.4. மீதி வளைவுப் பகுதி. வளைக்கும்போது தகட்டின் வெளிமுகம் நீளும், உள்முகம் சுருங்கும். இடையில் நீளாமலும் சுருங்காமலும் ஒரு நடுப்படலம் உண்டு. அது உள்முகத்திலிருந்து தடிப்பில் ஏறத்தாழ 0.42 பங்கு தொலைவில் இருப்பதாகக் கொள்வது வழக்கம். எனவே நடுப்படலத்தின் ஆரம் 2.67 மி.மீ.; அதன் கால்வட்ட நீளம் 4.2 மி.மீ. மூன்றையும் கூட்ட 72 மி.மீ.

75 என்று வெட்டியிருந்தால் பொம்மை 3 மி.மீ. உயர்ந்திருக்கும். கண்ணாடிக்கும் டிராகனின் கொம்புக்கும் இடையே இருந்த இடைவெளி 5 மி.மீ. மட்டுமே என்பதைச் சொன்னால், இந்த 3 மி.மீட்டரின் மதிப்பு விளங்கும்.

கண்ணாடி மூடியபின் உள்ளே அளக்க முடியாதே, அந்த 5 மி.மீ. எப்படித் தெரிந்தது? பொம்மையைக் கையால் அதன் இடத்தில் நிறுத்தி, கொம்பின்மேல் பிசைகளிமண் உருண்டை ஒன்றை வைத்துக் கண்ணாடியை மூடித் திறந்தோம். நசுங்கிய களிமண்ணின் தடிப்பே இடைவெளி. வெர்னியர் அளவி அதைச் சொல்லிவிட்டது.

செய்முறை

முதலில் தடித்த அட்டையில் தாங்கியை வெட்டி மடித்து, இயந்திரத்தில் வைத்துப் பார்த்தோம். அட்டை கெட்டால் நட்டம் இல்லை. துளைகளின் இடம் அட்டையிலேயே முடிவாயிற்று. பலகையில் முன்பே இருந்த இரு திருகுகளின் மையங்கள் 12 மி.மீ. இடைவெளியில் இருந்தன. பொம்மையின் பழைய துளைகளும் அவ்வாறே. எனவே ஒவ்வொரு கையிலும் வெளி விளிம்பிலிருந்து 8 மி.மீ., 20 மி.மீ. தொலைவில் 4 மி.மீ. விட்டமுள்ள துளைகள். அளவுகளை எப்போதும் வெளி விளிம்பிலிருந்தே எடுக்க வேண்டும். வளைவுக் கோட்டிலிருந்து எடுத்தால், வளைவில் நேரும் சிறு பிசகு எல்லாத் துளைகளையும் தொற்றிக்கொள்ளும்.

துளையின் மையம் விளிம்பிலிருந்து துளை விட்டத்தைப் போல் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். வளைவுக்கு மிக அருகில் இருந்தால் வளைக்கும்போது துளை நீள்வட்டமாகும். இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898இல் கிர்ஷ் கணக்கிட்டுக் காட்டினார். எனவே துளையின் பிசிறுகளை நீக்கி ஓரத்தை மழமழப்பாக்குவது வெறும் அழகுக்காக அன்று. தகட்டின் நான்கு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிட்டோம்.

துளை மையங்களைச் சென்டர் பஞ்சால் குறித்து, முதலில் சிறிய துளையும் பின்பு உரிய துளையும் இட்டோம். ஒரு துளையை மட்டும் வட்ட அரத்தால் நீள்துளையாக்கினோம். முதல் திருகு இடத்தைப் பிடிக்கும். நீள்துளையின் திருகு சிறு வேறுபாட்டை ஏற்கும்.

வளைவுக் கோட்டை மட்டும் இரும்பு முனையால் கீறாமல் பென்சிலால் குறிக்க வேண்டும். கீறல் என்பது நாமே இட்டுவைக்கும் முதல் விரிசல். மிகுந்த தகைவு வரும் இடத்தில் அதை விதைக்கலாகாது. தகட்டை உருட்டிய திசைக்குக் குறுக்கே வளைவு அமைவதும் நன்று.

ஓரத்தை 2 மி.மீ. ஆரத்தில் உருட்டிய கட்டை மரத்துண்டோடு தகட்டை வைஸில் இறுக்கி, வளைவுக்கு அருகே இன்னொரு மரத்துண்டை அணைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி வளைத்தோம். மீட்சித் தன்மையால் தகடு ஓரிரு பாகை திரும்பும். ஆதலால் 92 பாகை வரை வளைத்து விட்டால் 90இல் வந்து நிற்கும். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தோம். ஒருமுறை வளைத்ததை முன்னும் பின்னுமாகத் திருத்திக்கொண்டிருப்பது தகாது; கம்பியை ஒடிக்க நாம் செய்யும் வேலை அதுவே.

பொருத்துதல்

கண்ணாடியைத் திறப்பதற்கு முன்பே இயந்திரத்தின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். விளக்குகளுக்குச் செல்வது 6.3 வோல்ட்தான் என்றாலும், இத்தகைய இயந்திரங்களில் வரிச்சுருள்களுக்கு 50 வோல்ட் அளவு செல்வதுண்டு. அலுமினியம் மின்கடத்தி. ஆகவே தாங்கியின் எந்த விளிம்பும் விளக்கு முனைகளையோ தொடுசாவிகளையோ தீண்டாதபடி இடைவெளி விட்டு, கிடைக்கையின் அடியில் காப்புத் தாளும் இட்டோம்.

பொம்மை உள்ளே கூடு, அடிப்பக்கம் திறந்தது. இனித் திருகு பிளாஸ்டிக்கைக் கவ்வ வேண்டாம். பழைய துளை வழியே போல்ட் தாராளமாக நுழைந்து செல்ல, உட்புறம் அகன்ற வாஷரும் நட்டும், வெளிப்புறம் பொம்மைக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர் வளையமும் அமைத்தோம். ஆப்பு நீங்கியது, சுவரை வெளிநோக்கித் தள்ளும் விசை ஒழிந்தது. வாஷர் விசையைப் பரப்புகிறது. ரப்பர் நேரத்தை நீட்டுகிறது. அதிர்வில் கழன்றுவிடாதிருக்க நைலான் வளையம் கொண்ட நட்டுகளைப் பயன்படுத்தினோம். ரப்பர் சற்றே அமுங்கியதும் முறுக்குவதை நிறுத்திவிட வேண்டும்.

மரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்க இயந்திரங்களில் பெரிதும் காணப்படுவது ஆறு-முப்பத்திரண்டு என்ற வகை: விட்டம் 3.5 மி.மீ., அங்குலத்துக்கு 32 மரை. நாம் பழகிய மெட்ரிக் திருகிலும் 3.5 மி.மீ. உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதன் புரியிடைத் தொலைவு 0.79 மி.மீ., பின்னதற்கு 0.6 மி.மீ. ஒன்றில் மற்றதை வலிந்து முறுக்கினால் இரண்டின் மரையும் அழியும்.

எல்லாம் பொருத்தியபின், மின் இணைப்புத் தருவதற்கு முன்பு, எஃகுக் குண்டு ஒன்றைத் தாங்கியைச் சுற்றியுள்ள எல்லா வழிகளிலும் கையால் உருட்டிப் பார்த்தோம். 27 மி.மீ. குண்டு எங்கும் சிக்கக் கூடாது. மீண்டும் களிமண் வைத்துக் கண்ணாடி இடைவெளியையும் சரிபார்த்தோம். நூறு ஆட்டங்களுக்குப் பிறகு நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்க்கும்படி தம்பியிடம் சொல்லிவந்தேன். தகடு பின்னுக்கு வளைந்திருந்தால் வருந்த வேண்டாம், அது தன் கடமையைச் செய்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

முடிவுரை

‘உறுதி’ என்ற சொல்லை நாம் பெரும்பாலும் ‘இளகாமை’ என்ற பொருளிலேயே வழங்குகிறோம். தாங்கி கற்பிப்பது வேறு. இளக வேண்டிய இடத்தை நாம் முன்னரே தேர்ந்து அமைக்காவிட்டால், இயற்கை தானே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளும். அது நமக்கு அருமையான பொருளாகவும் இருக்கக்கூடும். பழுது பார்ப்பவன் முதலில் கேட்க வேண்டியது ‘எதைக் கொண்டு இறுக்கலாம்’ என்பதன்று. ‘எது போனால் மீளாது’ என்பதே. அதற்கு விடை கிடைத்தால் பொருள், தடிப்பு, துளை, வளைவு ஆகிய யாவும் கணக்கின் வழியே வந்து சேரும்.

மாணவ நண்பர்கள் இதைத் தம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். நம் ஆய்வுக்கூடத்திலும் விடுதி அறையிலும் பிடி தளர்ந்த பொருள்கள் எத்தனையோ உண்டு. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது உடைந்த இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். விசை எங்கிருந்து வருகிறது, எந்த வழியே செல்கிறது, எங்கே குவிகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். பின்பு அட்டையை வெட்டுங்கள். அதன் பிறகு தகட்டைத் தொடுங்கள். அரை நாள் உழைப்பில், தகைவு என்ற சொல் தேர்வுத் தாளிலிருந்து இறங்கி உங்கள் கைக்கு வந்து சேரும்.